கிளாட் தேர்வு: தயாராவதும், மதிப்பெண் கைவிட்ட பின் செய்வதும்

நான் 2016இல் சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வை எழுதினேன். அப்போது தேர்வு மே மாதம் நடக்கும், கணினியில், 200 கேள்விகள். வந்த மதிப்பெண்ணை வீட்டில் சொல்ல இரண்டு நாள் ஆனது. எந்தத் தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் கிடைக்கவில்லை. அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்து, இப்போது ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறேன். கிளாட் பற்றி முதலில் சொந்தக்காரர் பிள்ளைகள் கேட்டார்கள், அப்புறம் அவர்களுடைய நண்பர்கள். வருடத்துக்கு ஏழெட்டுப் பேராவது கேட்கிறார்கள். இப்போது தேர்வு டிசம்பரில் நடக்கிறது. அக்டோபரில் வரும் கேள்விகள் ஒரு விதம், டிசம்பர் நடுவில் வருபவை வேறு விதம். இரண்டையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கிளாட் என்பது எதற்கான தேர்வு?

பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்து வருட சட்டப் படிப்பில் சேர, நாடு முழுவதும் உள்ள இருபதுக்கும் மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் பொது நுழைவுத் தேர்வு. பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, ஜோத்பூர் எல்லாம் இதில் அடக்கம். நம் திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இதுதான் வழி. முன்பு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகத் தேர்வு வைத்தது. பிள்ளைகள் ஊர் ஊராக அலைந்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போடப்பட்ட பிறகுதான் 2008இல் பொதுத் தேர்வு வந்தது.

தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இதில் சேரவில்லை. அதற்கு ஐலெட் என்று தனித் தேர்வு. அதுவும் டிசம்பரில்தான்.

பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் பிளஸ் டூவில் 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம் போதும். வயது உச்சவரம்பு கிடையாது. எந்த குரூப் படித்திருந்தாலும் எழுதலாம்.

தாள் எப்படி இருக்கும்?

120 கேள்விகள், 120 நிமிடம், பேனா பிடித்து ஓஎம்ஆர் தாளில் நிரப்ப வேண்டும். சரியான விடைக்கு 1, தவறுக்குக் கால் மதிப்பெண் குறையும். நடப்பு நிகழ்வுகளும் பொது அறிவும் கால் பங்கு, சட்டத் தர்க்கம் கால் பங்கு, ஆங்கிலமும் தர்க்கமும் ஐந்தில் ஒன்று வீதம், மீதி பத்து சதவீதம் கணக்கு.

2020 முதல் எல்லாமே பத்தியைப் படித்து விடை சொல்லும் முறை. ஒரு பத்தி 450 வார்த்தை வரை போகும், அதன் கீழ் ஐந்தாறு கேள்விகள். முழுத் தாளுக்கும் கூட்டிப் பாருங்கள், பத்தாயிரம் வார்த்தையை நெருங்கிவிடும். அதை ஒரே மூச்சில் படிக்கவும் வேண்டும், விடையும் சொல்ல வேண்டும். ஆகவே கிளாட் முதலில் ஒரு வாசிப்புத் தேர்வு, அப்புறம்தான் மற்றதெல்லாம். இதைப் பல பேர் மூன்றாவது மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) வரைக்கும் ஒப்புக்கொள்வதே இல்லை.

எனக்குச் சட்டம் ஒன்றுமே தெரியாதே?

தெரிய வேண்டியதில்லை. தெரிந்தவர்கள்தான் சில நேரம் மாட்டிக்கொள்வார்கள். சட்டத் தர்க்கப் பகுதியில் விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். உங்கள் வேலை அதை அப்படியே பொருத்துவது மட்டும்.

நானே கட்டிய ஓர் உதாரணம். விதி: வளர்ப்புப் பிராணி பிறருக்குச் செய்யும் சேதத்துக்கு, உரிமையாளர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும், அவரே பொறுப்பு. சம்பவம்: ராமு ஆட்டைக் கெட்டியான கயிற்றில் கட்டித்தான் வைத்திருந்தார். கயிறு அறுந்து ஆடு பக்கத்து வீட்டு முருங்கைக் கன்றைத் தின்றுவிட்டது. ராமு பணம் கட்ட வேண்டுமா?

பத்தில் நாலு பேர் "பாவம், அவர் கட்டித்தானே வைத்திருந்தார்" என்று தப்பான விடையைப் போடுவார்கள். விதியில் "எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும்" என்று இருக்கிறதே! அந்த மூன்று வார்த்தைக்காகத்தான் கேள்வியே. தேர்வறையில் உங்கள் நியாய உணர்ச்சியைச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். வெளியே வந்து எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்வழியில் படித்தவள். ஆங்கிலப் பத்தியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. முயற்சி செய்யலாமா?

செய்யலாம். ஆனால் பிரச்சினையை உள்ளபடி பார்க்க வேண்டும். கிளாட் ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. மற்ற மொழிகளிலும் நடத்தச் சொல்லி 2023இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே வந்தது. தேர்வில் தோற்கும் தமிழ்வழி மாணவர்களில் பெரும்பாலானோருக்குத் தர்க்கம் தெரியாமல் இல்லை. அதே கேள்வியைத் தமிழில் சொன்னால் சட்டென்று பதில் சொல்வார்கள். படித்து முடிக்க நேரம் போதாததுதான் அவர்களுடைய தோல்வி. அகராதி மனப்பாடம் செய்து இதைத் தீர்க்க முடியாது.

நான் சொல்லும் வழி ஒன்று இருக்கிறது. காலையில் ஒரு தமிழ் நாளிதழில் அன்றைய முக்கியச் செய்தி ஒன்றை முழுதாகப் படியுங்கள். காவிரி நீர் விவகாரமோ, உச்ச நீதிமன்றத் தீர்ப்போ, எதுவானாலும் சரி. அப்புறம் அதே விஷயத்தை ஆங்கில நாளிதழில் தேடிப் படியுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் தெரியாத வார்த்தை வந்தாலும் வாக்கியம் தடுக்கி விழாது. ஒரு மாதம் இப்படி. அடுத்த மாதம் வரிசையை மாற்றி, ஆங்கிலத்தை முதலில் படித்துவிட்டு, புரிந்தது சரிதானா என்று தமிழில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதம் ஆங்கிலம் மட்டும், கடிகாரத்தை வைத்துக்கொண்டு. என்னிடம் கேட்டவர்களில் இதை விடாமல் செய்தவர்கள் குறைவு. செய்தவர்களுக்குப் பலன் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பொருளாதாரமோ ஊரோ தடையாக இருக்கும் மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தரும் ஐடியா என்ற அமைப்பும் இருக்கிறது. பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கியது. கிளாட் நடத்தப்படும் விதத்தையே கேள்வி கேட்டு உச்ச நீதிமன்றம் போனவரும் அவர்தான்.

எப்போது தொடங்குவது? கோச்சிங் கட்டாயமா?

பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறையில் தொடங்கினால் நிதானமாகப் போகலாம். கோச்சிங் கட்டாயமில்லை. தேர்வை நடத்தும் கூட்டமைப்பின் இணையதளத்திலேயே பழைய வினாத்தாள்களும் மாதிரித் தாள்களும் கிடைக்கின்றன. கோச்சிங்கில் நிஜமாகவே கிடைப்பது இரண்டு: மாக் டெஸ்ட், கூடப் படிக்க நாலு பேர். அந்த இரண்டும் வேறு வழியில் கிடைத்தால் அந்தப் பணம் மிச்சம்.

நடப்பு நிகழ்வுகளை எவ்வளவுதான் படிப்பது?

கடைசி ஒரு வருடத்துச் செய்திகளைப் பின்னணியோடு படியுங்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் வந்தது என்பது ஒரு வரிச் செய்தி. ஏன் மாற்றினார்கள், கூடவே மாறிய மற்ற இரண்டு சட்டங்கள் எவை, எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் பின்னணி. மாத இதழ்த் தொகுப்புகளை வாங்கி அடுக்கி வைப்பதால் ஒன்றும் ஆகாது. எங்கள் வீட்டுப் பரணில் 2015ஆம் வருடத் தொகுப்புகள் இன்னும் புத்தம் புதிதாக இருக்கின்றன.

கணக்கு?

பத்தாம் வகுப்பு அளவுதான். சதவீதம், விகிதம், சராசரி. விட்டுவிடாதீர்கள், பத்துப் பன்னிரண்டு மதிப்பெண் அங்கே சும்மா கிடக்கிறது.

நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து தெரியாததை விட்டுவிடலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நாலு கேள்வியில் ஒன்று சரியாகும் என்று வையுங்கள். கிடைப்பது 1, போவது முக்கால். நாலு கேள்விக்குக் கால் மதிப்பெண் லாபம், அவ்வளவுதான். ஆனால் நஷ்டம் இல்லை. ஒரு விடை நிச்சயம் தப்பு என்று தள்ள முடிந்தால், மூன்று கேள்விக்கு அரை மதிப்பெண் லாபம். இரண்டைத் தள்ள முடிந்தால், இரண்டு கேள்விக்கு முக்கால்.

ஆகவே இரண்டு விடைகளுக்கு நடுவில் ஊசலாடும் கேள்வியை விடுவது மடத்தனம். பத்தியே படிக்காமல் கடைசி நிமிடத்தில் குருட்டாம்போக்கில் நிரப்புவதில் சொல்லிக்கொள்ளும்படி லாபமும் இல்லை, பயப்படும்படி ஆபத்தும் இல்லை. நெகட்டிவ் மார்க்கால் ஏற்படும் நஷ்டத்தைவிட அதை நினைத்து நடுங்குவதால் ஏற்படும் நஷ்டம்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

மாக் டெஸ்டில் மதிப்பெண் ஏறவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். போன வருடம் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். ஒருவன் 112 கேள்விகளுக்கு விடை போட்டு, 61 சரி, 51 தவறு. கழித்தால் 48.25. இன்னொருத்தி 70 கேள்விதான் தொட்டாள், 54 சரி, 16 தவறு. அவளுக்கு 50. ஏறக்குறைய ஒரே மதிப்பெண். இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் சொன்னால் இரண்டு பேரும் கெட்டுப்போவார்கள். தம்பிக்கு வேகம் குறைய வேண்டும், அந்தப் பெண்ணுக்குக் கூட வேண்டும். அவள் தொட்டதில் முக்கால் பங்குக்கு மேல் சரி. படித்து முடிக்காத கேள்விகள்தான் அவளுடைய பகை.

மாக் எழுதியதும் அன்றைக்கே தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். விஷயம் தெரியாததற்குத் "தெ", பத்தியைத் தப்பாகப் படித்ததற்குப் "ப", இரண்டில் ஒன்றைத் தேர்ந்ததில் சறுக்கியதற்குச் "ச", நேரம் போதாமல் விட்டதற்கு "நே". ஐந்து மாக் ஆனதும் எண்ணிப் பாருங்கள். நான் பார்த்த வரை, "எனக்குப் பொது அறிவு போதாது சார்" என்று வருபவர்களின் தாளில் "ப"தான் நிறைந்திருக்கும். அவர்கள் இன்னொரு பொது அறிவுப் புத்தகம் வாங்கியிருப்பார்கள்.

வாரத்துக்கு ஐந்து மாக் எழுதி ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்காதவர்களும் உண்டு. ஜுரம் பார்க்கும் கருவியை ஐந்து தடவை வைத்தால் ஜுரம் இறங்காது.

தேர்வு முடிந்தது. மதிப்பெண் மோசம். முதலில் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

நான் எழுதிய காலத்தில் பிளஸ் டூ தேர்வு முடிந்த பிறகுதான் கிளாட். இப்போது தலைகீழ். பிளஸ் டூ படிக்கும் வருடத்திலேயே டிசம்பரில் கிளாட் வந்துவிடுகிறது, 2022 டிசம்பரிலிருந்து இப்படித்தான். அரசுப் பொதுத் தேர்வு மார்ச்சில். அதாவது கிளாட்டில் சறுக்கிய பிள்ளைக்கு அழ நேரம் ஒரு வாரம், அதற்கப்புறம் இரண்டரை மாதம் கையில் இருக்கிறது. அந்த இரண்டரை மாதத்துக்குத்தான் விலை அதிகம். ஏனென்றால் தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்து வருடப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம்.

டிசம்பரில் கிளாட் போய்விட்டதே என்று ஜனவரி முழுக்கப் படுத்துக் கிடந்து, மார்ச்சில் பிளஸ் டூவையும் கோட்டைவிட்டு, மே மாதம் இரண்டு கதவும் மூடிக்கிடக்க நின்ற ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனுக்கு அந்த டிசம்பரில் யாரும் இதைச் சொல்லவில்லை.

ஒரு வாரம் சும்மா இருங்கள். யார் எத்தனை எடுத்தார்கள் என்று வாட்ஸ்அப் குழுக்களில் பார்க்காதீர்கள். ஐலெட் எழுத வேண்டியிருந்தால் அதை மட்டும் எழுதிவிட்டு வாருங்கள். அப்புறம் பிளஸ் டூ புத்தகம்.

தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருக்க வேண்டுமா என்கிற நினைப்பு வருகிறது என்றால், அதைத் தேர்வுக் கவலை என்று ஒதுக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

விடைக்குறிப்பிலேயே தப்பு இருப்பதாகத் தோன்றுகிறது. விடலாமா?

விடாதீர்கள். தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாட்கள் தருவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கட்டணம் உண்டு, ஆட்சேபம் சரி என்றால் திருப்பித் தருவார்கள். 2024 டிசம்பர் 1 அன்று நடந்த தேர்வில் விடைகள் தப்பு என்று மாணவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை ஏறி, மே மாதம்தான் தீர்ந்தது. சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. 2018இல் கணினிக் கோளாறால் நேரம் இழந்தவர்களுக்கும் நீதிமன்றம் போன பிறகுதான் ஈடு மதிப்பெண் கிடைத்தது, மறுதேர்வு கிடைக்கவில்லை. முறையாக ஆட்சேபம் போடுங்கள், ஆனால் வழக்கு முடியட்டும் என்று படிப்பை நிறுத்தி வைக்காதீர்கள். வக்கீலாக இருந்துகொண்டே சொல்கிறேன்.

ரேங்க் பின்னால் இருக்கிறது. கவுன்சலிங்குக்குப் பதிவு செய்யலாமா?

முந்தைய வருடங்களின் கடைசி ரேங்க் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பார்க்கும்போது உங்கள் பிரிவு எது, எந்த மாநில ஒதுக்கீடு என்பதைக் கவனியுங்கள். பல பல்கலைக்கழகங்களில் அந்தந்த மாநிலத்தவருக்குத் தனி இடங்கள் உண்டு. அதனால் தமிழ்நாட்டு மாணவருக்குத் திருச்சிப் பட்டியலும் போபால் பட்டியலும் ஒன்றாக இராது. சுற்றுக்குச் சுற்று இடங்கள் நகரும், கடைசிச் சுற்று வரை பொறுமை வேண்டும். கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் வருடச் செலவு லட்சங்களில், அரசு சட்டக் கல்லூரியில் சில ஆயிரங்களில். கடன் வாங்கிக் கடைசிப் படியில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்வது எப்போதும் லாபம் என்று நான் நினைக்கவில்லை. பெயரில் "தேசிய" இருப்பதற்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் வேறு வழி என்ன?

சென்னை பெருங்குடியில் உள்ள சீர்மிகு சட்டப்பள்ளி, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பள்ளி. அதுபோக மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, தருமபுரி, இராமநாதபுரம், காரைக்குடி என்று பல ஊர்களில் அரசு சட்டக் கல்லூரிகள். பிளஸ் டூ மதிப்பெண், இட ஒதுக்கீடு, தரவரிசை, கலந்தாய்வு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 சட்டத்தின்படி 7.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. மருத்துவத்துக்கு மட்டும்தான் என்று நினைத்து விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

தனியாரில் புனே சிம்பயோசிஸின் ஸ்லாட் தேர்வு போன்றவை இருக்கின்றன. 60 கேள்வி, 60 நிமிடம், நெகட்டிவ் மார்க் இல்லை. வசதி இருந்தால் எழுதிப் பார்க்கலாம்.

ஒரு வருடம் டிராப் எடுத்து, மறுபடி கிளாட்டுக்கே படிக்கலாமா?

மேலே சொன்ன எழுத்துகளை எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள் என்பேன். "ப"வும் "நே"வும் அதிகம் என்றால் ஒரு வருடத்தில் நிஜமாக மாறும், எடுக்கலாம். போன வருடமே தினமும் ஆறு மணி நேரம் உழைத்தும் எல்லாப் பகுதியிலும் சமமாகக் குறைவு என்றால், இன்னொரு வருடத்தில் எது மாறப்போகிறது என்பதைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். எழுத வரவில்லையா, எடுக்காதீர்கள். அவமானத்தைத் துடைக்க எடுக்கும் டிராப் ஆகஸ்டுக்குள் சோர்ந்துவிடும். நான் அப்படித்தான் எடுக்கப் பார்த்தேன், அப்பா விடவில்லை. அன்றைக்குக் கோபம்.

நடுவழி ஒன்றும் உண்டு. அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு டிசம்பரில் மறுபடி எழுதுவது. வயது வரம்பு இல்லாததால் தடையில்லை. கிடைத்தால் கல்லூரியில் படித்த ஒரு வருடம் போகும், கிடைக்காவிட்டால் அங்கேயே இரண்டாம் ஆண்டைத் தொடரலாம். மனசு இரண்டு இடத்தில் நிற்பதுதான் இதன் சிரமம்.

அதுவும் வேண்டாம் என்றால், வேறு ஏதாவது பட்டம் முடித்துவிட்டு மூன்று வருட எல்எல்பி. பொறியியல் முடித்து வந்து சட்டம் படித்தவர்கள் எங்கள் நீதிமன்றத்திலேயே இருக்கிறார்கள்.

பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

முதல் இரண்டு நாள் ஒன்றும் கேட்காதீர்கள். "எதிர் வீட்டுப் பையனுக்கு எவ்வளவு?" என்பதை எப்போதுமே கேட்காதீர்கள். அத்தை, சித்தப்பா போன் செய்தால் பிள்ளையிடம் கொடுக்காமல் நீங்களே பேசி வைத்துவிடுங்கள். கோச்சிங்குக்குக் கட்டிய பணத்தைச் சொல்லிக்காட்டும் ஆசை மூன்றாம் நாள் வரும். அதையும் விழுங்கிவிடுங்கள்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படிக்காதவரை யாராவது மதிப்பார்களா?

பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுப்பது பெரும்பாலும் முன்வரிசை தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில்தான். அங்கே வேலை வேண்டும் என்றால் வித்தியாசம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். மற்ற கல்லூரியிலிருந்தும் போகலாம், ஆனால் இன்டர்ன்ஷிப் தேடிக் கதவுகளைத் தட்ட வேண்டும்.

நீதிமன்றத்தில் கதை வேறு. பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு எல்லாருக்கும் ஒன்றுதான். சிவில் நீதிபதி தேர்வும் அப்படியே. என் சீனியர் என்னைச் சேர்த்துக்கொண்ட அன்று கேட்டது ஒன்றே ஒன்று: "தமிழ்ல இருக்குற கிரயப் பத்திரத்தைப் படிச்சுக் கையால இங்கிலீஷ்ல சுருக்கம் எழுதத் தெரியுமாப்பா?" எழுதிக் காட்டினேன். இரண்டு பிழை திருத்திவிட்டு, மறுநாள் ஒன்பதரைக்கு வரச் சொன்னார். எந்தக் கல்லூரி என்று அவர் கேட்டது ஆறு மாதம் கழித்து, டீக்கடையில்.